நாலாவது கட்டம்

ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒன்றுசேர்ந்து என்னிடம் சண்டைக்கு வரும். அவர்கள் ஒன்றுசேர்ந்து செய்கிற முதல் காரியமாக அதுதான் இருக்கும், அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். திருவாதவூருக்குக் கிழக்கே, கண்மாயும் வயலுமாகக் கிடக்கிற ஒரு கிறிஸ்தவ ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாதா கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவர் ஞானமுத்து. மணி அடிப்பது, பூசைக்குப் பாத்திரம் எடுத்து வைப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, ராத்திரி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவது, இதுதான் வேலை. சம்பளம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கீழத்தெருவிலிருந்து அந்தச் சாவியைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். இருபத்திரண்டு வருசமாக அந்த நினைப்பிலேயே வயிறு நிறைந்து வாழ்ந்தவர்.

அவருக்கு ஒரே மகன். பெண்சாதி பிலோமினாள் அவனுக்கு மெர்வின் என்று பேர் வைத்தாள். அந்தப் பேர் தன் வாயில் நுழையவே ஒரு மாதம் ஆனதென்று ஞானமுத்து சொல்லுவார். பையனுக்கு ஆறு வயசில் பிலோமினாள் மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் பையன் வளர்ந்தது பாதி வீட்டில், பாதி கோயிலில். அப்பா பீடத்தைத் துடைத்தால் இவன் பெஞ்சைத் துடைப்பான். பத்தாவது முடித்ததும், சாமியாராகப் போறேன் என்று சொன்னான். கீழத்தெருவில் அன்றைக்குக் கறிச்சோறு பொங்காத வீடில்லை. நூறு வருசமாக அந்தக் கோயிலுக்குக் கல்லும் மண்ணும் சுமந்த தெரு அது. அந்தத் தெருவிலிருந்து பீடத்துக்கு இதுவரை ஒருத்தன் ஏறியதில்லை.

மெர்வினைத் திருநகர்ப் பக்கம், சாமியார் படிப்புக்கு முதல் படியான ஓர் இளங்குருமடத்தில் சேர்த்தார்கள். பதினாறு பதினேழு வயசுப் பையன்கள் முப்பது பேர். வாரநாளில் பள்ளிக்கூடம் போய் பிளஸ் ஒன் படிப்பார்கள்; காலையும் மாலையும் செபம், தியானம், தோட்ட வேலை. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மட்டும் தனி வகுப்பு, ஒரு மணி நேரம் இங்கிலீஷ், ஒரு மணி நேரம் வரலாறு. பெரிய குருமடத்துக்குப் போனால் தத்துவமும் இறையியலும் இங்கிலீஷில்தான் நடத்துவார்கள். கிராமத்துப் பையன்கள் அங்கே போய் முழி பிதுங்கி, மூன்றாம் மாதமே பெட்டியோடு வீடு திரும்பிய கதை நிறைய உண்டு. அதனால்தான் அதிபர் சாமியார் ரூத் டீச்சரைப் பிடித்துப் போட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருசம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா, சி.எஸ்.ஐ.காரர்; இவர்களோ ஆர்.சி. வேத வித்தியாசத்தைப் பையன்கள் ஒரு வாரம் கிசுகிசுத்தார்கள். இரண்டாவது வாரம் வீட்டுப்பாடம் வந்ததும் வேதமெல்லாம் மறந்துபோயிற்று.

ரூத் டீச்சருக்கு வரலாறு என்றால் ராஜா பேரும் தேதியும் இல்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, புத்தகத்தில் ஏறாத ஒரு சங்கதியை உங்கள் கோயில் பங்கிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், அதை இங்கே இங்கிலீஷில் எழுதக் கற்றுத்தருகிறேன் என்றார். நோட்டில் நாலு கட்டம் போடச் சொன்னார். என்ன நடந்தது, எப்போது, எங்கே, யார் சொல்லி நடந்தது. நாலாவது கட்டத்தில்தான் அவர் பிடிவாதம். தானாக நடந்தது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது, யாரோ ஒருத்தர் சொல்லித்தான் நடந்திருக்கும், அந்தப் பேரைக் கண்டுபிடிக்காமல் கொண்டுவந்தால் அது வரலாறில்லை, புரளி என்று சொல்லிவிட்டார். நல்ல டீச்சர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலாவது கட்டம் மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதையே இல்லை.

காலாண்டு லீவில் நோட்டோடு வந்தான் மெர்வின். சாயங்கால மணி அடிக்கும் வேளை. மணிக்கூண்டின் அடியில் ஒரு சின்ன அறை. மேலேயிருந்து இரண்டு கயிறு அங்கே தொங்கும். ஒன்று பெரிய மணிக்கு, ஒன்று சின்ன மணிக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. இப்போது எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கியில் பதிவுமணி வந்துவிட்டது, கயிறு சும்மாதான் தொங்குகிறது. பையன் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, எதுக்குப்பா ரெண்டு மணி என்று கேட்டான். வேறு யார் கேட்டிருந்தாலும் ஞானமுத்து மழுப்பியிருப்பார். மகன், அதுவும் நாளைக்குச் சாமியாராகப் போகிற மகன், நோட்டை விரித்துவைத்துக் கேட்கிறான். பத்து வருசமாக நெஞ்சில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

கயிறு இழுத்த காலத்தில் பெரிய மணி ஞாயிற்றுக்கிழமைக்கு, திருவிழாவுக்கு, மேலத்தெருச் சாவுக்கு. சின்ன மணி ஞானோபதேச வகுப்புக்கு, மூவேளைச் செபத்துக்கு, கீழத்தெருச் சாவுக்கு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காமலே எல்லோருக்கும் தெரியும். பெரிய மணி அடித்தால் நாலு ஊர் வயலில் குனிந்து நிற்கிறவர்கள் நிமிர்ந்து சிலுவை போடுவார்கள். சின்ன மணி அடித்தால் கண்மாய்க்கரை தாண்டாது. பிலோமினாள் எட்டு வருசம் சனிக்கிழமை தோறும் அந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்கினவள். அவள் செத்த அன்றைக்கு, சாவியும் கயிறும் ஞானமுத்து கையிலேயேதான் இருந்தன. அவர் சின்ன மணியைத்தான் அடித்தார்.

பையன் நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மாவின் சாவில் அவனுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் யாரோ ஒரு பெரியம்மா மடியில் உட்கார்த்தி வைத்து முறுக்குக் கொடுத்தது மட்டும்தான்.

"யாருப்பா சொன்னா, சின்ன மணியை அடிக்கச் சொல்லி?"

யாரும் சொல்லவில்லை. இதுதான் உண்மை, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்போதிருந்த சாமியார் அன்றைக்கு மதுரைக்குப் போயிருந்தார். மேலத்தெருவிலிருந்து ஒரு ஈ காக்கைகூட அந்தப் பக்கம் வரவில்லை. ஞானமுத்து தனியாக அந்த அறைக்குள் போனார், அழுதுகொண்டே கையை நீட்டினார், கை தானாகச் சின்னக் கயிற்றுக்குப் போயிற்று. மூன்றாவது அடிக்குத்தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. நிறுத்தவில்லை. பக்கத்துக் கயிற்றைப் பிடிக்கவுமில்லை. பெரிய மணியை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை ஒன்றுமே ஆகியிருக்காது. அந்த நினைப்புதான் அவரை வருசக்கணக்காக அரித்தது. அடிக்கவிடாமல் ஒருத்தன் தடுத்திருந்தால் அவனைத் திட்டிக்கொண்டாவது ஆறுதல்பட்டிருக்கலாம்.

நாலாவது கட்டம் காலியாகக் கிடந்தது. பையன் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். பெற்ற மகனிடம், உங்கம்மாவுக்கு அந்த அவமானத்தைச் செய்தது நான்தான் என்று எந்த அப்பன் சொல்லுவான்? ஞானமுத்து வாயில் ஒரு பேர் வந்தது.

"சவரியப்பன் பெரியவருதான். வாசல்ல வந்து நின்னு, சின்னதப் புடின்னாரு."

சவரியப்பன் மேலத்தெருப் பெரிய தலை, செத்து ஆறு வருசம். கோயில் காரியம் எதுவானாலும் வாசலில் வந்து நின்று அதிகாரம் பண்ணுகிற மனுசன்தான். அதனால்தான் அந்தப் பேர் அவ்வளவு சுலபமாக வந்தது. செத்தவர் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை என்று ஞானமுத்து நினைத்தார். மெர்வின் அந்தப் பேரை அழுத்தி எழுதி, கீழே ஒரு கோடும் போட்டுக்கொண்டான்.

அந்தக் கட்டுரையை ரூத் டீச்சர் நாலு சனிக்கிழமை உட்கார்ந்து அவனோடு இங்கிலீஷில் சரி பண்ணினார். முப்பது பையன்கள் எழுதியதில் அதுதான் முதல் என்றார். வாசித்துக்காட்டச் சொன்னபோது மெர்வினுக்குப் பாதியில் குரல் உடைந்துபோயிற்றாம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். அதே சமயம் ஊரில் கோயிலுக்கு நூறாவது ஆண்டு வந்தது. மலர் போட ஏற்பாடு. பங்குச் சாமியாருக்கு ஓர் ஆசை: நம் ஊரிலிருந்து குருமடத்தில் படிக்கிற பையன் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினால் மலருக்கு எவ்வளவு கௌரவம். கேட்டு அனுப்பினார். கைவசம் தயாராக இருந்த கட்டுரையை டீச்சர் பெருமையோடு அனுப்பி வைத்தார். சாமியார் தலைப்பை மட்டும் பார்த்தார், தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டார். ஞானமுத்து அந்தத் தாளைக் கோயில் ஆபீஸில் கையில் வாங்கி, மகன் பேர் அச்சில் இருப்பதைத் தடவிப் பார்த்தார். இங்கிலீஷ்தானே, இந்த ஊரில் எவனுக்குப் புரியப்போகிறது என்று ஒரு தைரியம்.

அந்த ஊரில் இங்கிலீஷை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் இம்மானுவேல் வாத்தியார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், பங்குப் பேரவையின் துணைத் தலைவர். மலருக்குப் பிழை திருத்தியது அவர்தான். அவர் சவரியப்பனின் மூத்த மகன் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதையாகிப் போயிற்று.

இம்மானுவேல் வாத்தியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் விசயம் தெருச்சண்டையாகி ஓய்ந்திருக்கும். அவர் வீட்டு அலமாரியில் தேடி ஒரு பழைய காகிதத்தை எடுத்துவந்து சாமியார் மேசையில் வைத்தார். மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு. பிலோமினாள் செத்தது ஆகஸ்டு பதினெட்டு. அந்த மாதம் முழுக்க சவரியப்பன் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். வாத்தியார்தான் கூடவே இருந்து மூத்திரச் சட்டி பிடித்தவர். எங்கப்பா நல்லவருன்னு நான் சொல்ல வரலே சாமி, ஆனா செய்யாததச் செஞ்சாருன்னு அச்சுல போட்டா நான் எங்க போயி முட்டிக்கிறது என்று கேட்டார். கண் கலங்கித்தான் கேட்டார். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் இந்தக் கதையின் கஷ்டம்.

சாமியார் ஞானமுத்துவைக் கூப்பிட்டு அந்தச் சீட்டைக் காட்டினார். ஒரு பேர் பொய்யானால் மற்றதும் பொய்தானே, தெருவுக்கொரு மணி என்று இந்தக் கோயிலில் என்றைக்கும் இருந்ததில்லை என்று பேரவை சொல்கிறது என்றார். அந்தச் சாமியார் வந்து இரண்டு வருசம்தான். அவருக்கு எது இருந்தது எது இல்லை என்று தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை. அவருக்கு மலர் வர வேண்டும், ஆயர் வர வேண்டும், விழா நடக்க வேண்டும். குருமாணவன் ஒவ்வொருத்தனுக்கும் வருசத்துக்கொரு தடவை பங்குச் சாமியார் நற்சான்றுக் கடிதம் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் அடுத்த வருசம் குருமடத்தில் இடம் இல்லை. அந்தக் கடிதம் இன்னும் எழுதவில்லை என்று சாமியார் மெதுவாகச் சொன்னார். மிரட்டினார் என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அளவுக்கு மட்டும் சொன்னார்.

ஞானமுத்துவுக்கு அப்போது ஒரு வழி இருந்தது. பேர் மட்டும்தான் பொய் சாமி, மற்றதெல்லாம் சத்தியம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தார். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரிந்ததும் வாய் மூடிக்கொண்டது. அப்படியென்றால் யார் சொன்னது? அதற்குப் பதில் சொன்னால் அது மகன் காதுக்குப் போகும். அதைவிட எல்லாமே பொய் என்று கையெழுத்துப் போடுவது லேசாகத் தெரிந்தது. சாமியாரே எழுதிவைத்திருந்தார். நான் என் மகனிடம் சொன்னது முழுவதும் கற்பனை, கோயிலில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததே இல்லை, சவரியப்பன் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஞானமுத்து கீழே தன் பேரை எழுதினார். ஒன்றை மறைக்க ஒன்பது என்பார்கள். இவர் ஒன்றை மறைக்க, தன் பெண்சாதியின் சாவையும் தெருவில் செத்த அத்தனை பேரின் சாவையும் சேர்த்து அழித்தார். மகனுக்காகத்தான் செய்கிறேன் என்று வீடு போகும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார். பாதி உண்மைதான்.

அந்தத் தாளின் நகல் குருமடத்துக்குப் போயிற்று. அதிபர் சாமியார் நல்ல மனுசன். மெர்வினைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் காட்டினார். திட்டவில்லை. பெற்றோர் தினம் வருகிறது, அன்றைக்கு டீச்சர் வகுப்புப் பையன்கள் எல்லோரும் மேடையில் கட்டுரை வாசிக்கிறார்கள். நீ அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, மன்னிப்பு வரி ஒன்றைச் சேர்த்து வாசித்துவிடு, இம்மானுவேல் வாத்தியாரையும் வரச்சொல்லியிருக்கிறேன், கேட்டுவிட்டு மனசாறிப் போவார், இதோடு முடிந்தது என்றார். மெர்வின் அப்பாவின் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சரிங்க ஃபாதர், வாசிக்கிறேன் என்றான்.

பெற்றோர் தினம் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞானமுத்து சலவை வேட்டி கட்டிக்கொண்டு, மாட்டுத்தாவணியில் இறங்கிப் பெரியார் வந்து, அங்கிருந்து திருமங்கலம் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தார். நடையில் ரூத் டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார். டீச்சர் அவர் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்திருந்தார் போல. மெர்வின் ஏழாவதா வாசிப்பான், முன்னாடி உட்காருங்க என்று மட்டும் சொன்னார். முன்வரிசையில் இம்மானுவேல் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். ஞானமுத்து மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மெர்வின் மேடை ஏறினான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரே ஒரு தாள். இங்கிலீஷ் தண்ணீர்போல ஓடியது. ஞானமுத்துவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நடுவில் பேர்கள் மட்டும் காதில் விழுந்தன. சவரியப்பன் என்று வந்தது, சரி, மன்னிப்புக் கேட்கிறான். ஞானமுத்து என்று வந்தது, அப்பன் பேரைச் சொல்கிறான். பிலோமினாள் என்று வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் பேரை ஒரு மேடையில் ஒலிபெருக்கியில் யாரும் சொல்லி அவர் கேட்டதே இல்லை. பையன் முடித்துத் தலைகுனிந்து நின்றான். கெட்டது எல்லாம் கழிந்தது, மகன் தப்பித்தான் என்ற நிம்மதியில் ஞானமுத்து கை தட்டினார். பலமாகத் தட்டினார். அவர் தட்டும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்று தெரிந்ததும் கை நின்றது. அதிபர் சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இம்மானுவேல் வாத்தியார் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மெர்வின் மேடையிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல், உள்ளே படுக்கைக்கூடத்துக்குப் போனான். அவன் பெட்டி காலையிலேயே கட்டியாகிவிட்டது.

அதிபர் அறையில் பேச்சு ஐந்து நிமிசம்கூட நடக்கவில்லை. மேடையில் வாக்கு மீறியது ஒரு பக்கம், நற்சான்றுக் கடிதம் இனி வராது என்பது இன்னொரு பக்கம். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும், பார்க்கலாம் என்றார் அதிபர். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று கோயிலில் இருபத்திரண்டு வருசம் இருந்தவருக்குத் தெரியாதா? ஞானமுத்து காலில் விழப் போனார். மெர்வின் அவரைத் தோளைப் பிடித்து நிறுத்தி வெளியே கூட்டிக்கொண்டு வந்தான்.

வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தம். சிமெண்டுப் பெஞ்சில் பெட்டியை வைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நல்ல வெயில். ஞானமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார், நெற்றியைத் துடைத்தார், கடைசியில் கேட்டார், அப்படி என்னதான்யா வாசிச்ச. மெர்வின் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். மணி இரண்டு, தெரு இரண்டு. அம்மாவுக்குச் சின்ன மணி. சவரியப்பன் சொல்லித்தான் அது நடந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை, கடைசியில் ஒரு பத்தி சேர்த்துக்கொண்டான். அதைச் சொல்லும்போது மட்டும் அப்பா முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"எங்கப்பா ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டிருக்காரு. அவரு ஆயுசுல சொன்ன ஒரே பொய் அதுதான். நான் இங்க இருக்கணுமேன்னு சொன்னாரு. அவரு பொய்யில நான் சாமியாராக மாட்டேன். இம்புட்டுத்தாம்ப்பா."

ஞானமுத்து அழுதார். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க அழுதார். பையன் அதைப் பெருமை என்றோ துக்கம் என்றோ நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தான். அந்தத் தடவலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சாமியார் முன்னால் சொல்லியிருந்தால் மகனுக்கு இடம் மிஞ்சியிருக்கும். அன்றைக்கு நோட்டின் முன்னால் சொல்லியிருந்தால் எல்லாமே மிஞ்சியிருக்கும். இப்போது சொன்னால் ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் இதற்கு மேல் அந்தக் கை முதுகில் இருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"சவரியப்பன் வரலேய்யா. யாருமே வரல. நானாத்தான் சின்னத இழுத்தேன்."

மெர்வின் கை நின்றது. முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு, அம்மாவுக்கா என்று கேட்டான். ஞானமுத்து தலையை ஆட்டினார். யாருமே சொல்லாம எப்படிப்பா என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. புரியாத ஒரு கணக்கை வாத்தியாரிடம் கேட்பதுபோல, மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஞானமுத்து பதில் தேடினார். இருபத்திரண்டு வருசமும் தேடினார், அதற்கு முன்னால் தன் அப்பன் காலத்தையும் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. தெரியலய்யா என்றார்.

ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. மெர்வின் ஏறவில்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அத்தனை பேர் முன்னாடி அந்தத் தாத்தா பேரைச் சொல்லிவிட்டேன், அவர் மகன் இன்னும் உள்ளேதான் இருக்கிறார், போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான். வேணாம்யா என்றார் ஞானமுத்து. போனது போகட்டும், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, அப்பன் மானத்தையும் சேர்த்து வாங்காதே என்று கெஞ்சினார். மெர்வினுக்கு அப்பா மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. மணி கதை நெசந்தானே, அதையும் திருப்பிச் சொல்லுவேன், ஆனா செய்யாதவரு பேரு அதுல இருக்கக் கூடாதுப்பா என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனான். டீச்சர் கற்றுக்கொடுத்ததை அந்த முப்பது பேரில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அவன் ஒருத்தன்தான். குருமடம் இழந்தது அவனைத்தான்.

ஞானமுத்து பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். திறந்த கேட் வழியாக எல்லாம் தெரிந்தது. இம்மானுவேல் வாத்தியார் வேப்பமரத்து நிழலில் தன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தார். மெர்வின் அவர் முன்னால் போய் நின்று பேசினான். நெடுநேரம் பேசினான். ஒரு சொல்லும் இங்கே கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. வாத்தியார் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அப்புறம் கேட்க ஆரம்பித்தார். ஓரிடத்தில் கையைத் தூக்கிப் பையன் தோளில் வைத்தார், வைத்த கையை எடுக்கவில்லை. அவரும் அழுதாரோ என்னவோ, தூரத்தில் தெரியவில்லை. கடைசியில் மெர்வின் பஸ் நிறுத்தத்தைக் காட்டி ஏதோ சொன்னான்.

இரண்டு பேரும் திரும்பி ஞானமுத்துவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றுவிட்டார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கை தானாக இடுப்புக்குப் போய், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கால்வரை இறக்கிவிட்டிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.